தோட்டத்துக் கேள்விகள்: திங்கக்கிழமை பச்சை, சனிக்கிழமை கருப்பு

இந்த மாசம் வந்த கடுதாசி, வாட்ஸ்அப் எல்லாத்தையும் பிரிச்சு வச்சுப் பாத்தா பாதிக்கு மேல ஒரே விஷயம்தான், உருளைக்கிழங்குல கருகல். மலையில கார்போகம், மழை விட்டபாடில்ல, வேற எதைக் கேக்கப் போறாங்க. அதனால மிளகு, வாழை ஆளுங்க எல்லாம் ஒரு மாசம் பொறுத்துக்கணும், கோவிச்சுக்காதீங்க.

கேத்தி பக்கமிருந்து ஒரு வாசகர்: சார், ஒன்றரை ஏக்கர் உருளை போட்டிருக்கேன். திங்கக்கிழமை பாக்குறப்போ செடி நல்லா கரும்பச்சையா நின்னுச்சு. இடையில ஒரு சாவுக்கு ஊருக்குப் போயிட்டு சனிக்கிழமை வந்து பாத்தா கொதிக்கிற தண்ணிய ஊத்துன மாதிரி கிடக்கு. பக்கத்துத் தோட்டத்துல தான் முதல்ல வந்துச்சு, அவரு மருந்தே அடிக்கல. அஞ்சு நாள்ல இப்படி ஆகுமா? இது காத்துல வருதா, மண்ணுல வருதா, தண்ணியில வருதா?

ஆகும் தம்பி. அஞ்சு நாள்ல ஆகல ஆனா. நீங்க திங்கக்கிழமை பாத்தப்பவே நோய் இலைக்குள்ள இருந்துச்சு, கண்ணுக்குத்தான் தெரியல. இந்த நோய்ல எல்லாரும் ஏமாறுற இடம் அதுதான். இன்னிக்கு நீங்க பாக்குற கருப்புப் புள்ளி நாலஞ்சு நாளைக்கு முன்னாடி ஒரு ராத்திரி நடந்த சமாச்சாரம், நீங்க பழைய பேப்பர் படிச்சுக்கிட்டு இருக்கீங்க.

என்ன நடக்குதுன்னு சொல்றேன். இதுக்குக் காரணம் பைட்டோப்தோரா இன்ஃபெஸ்டன்ஸ்னு ஒரு உயிரி. பூஞ்சைன்னு தான் எல்லாரும் சொல்லுவோம், நானும் சொல்லுவேன், ஆனா அசல்ல அது பூஞ்சை கிடையாது, பூஞ்சைய விட கடல் பாசிக்குத்தான் கிட்டத்து சொந்தம். சும்மா படிச்சதைக் காட்டுறதுக்காக இதைச் சொல்லல. பாசி சொந்தம்ங்கிறதால அதுக்கு தண்ணி தான் உசுரு, அந்த ஒரு விஷயம் புரிஞ்சா மீதி எல்லாம் தானா புரியும்.

நோய் புடிச்ச இலைய விடியக்காலம் திருப்பிப் பாருங்க. கருப்புப் புள்ளிய சுத்தி, பச்சையும் கருப்பும் சேர்ற ஓரத்துல, மாவு தூவுன மாதிரி மெலிசா வெள்ளையா இருக்கும். வெயில் ஏறுனா காணாமப் போயிடும், அதனால பத்து மணிக்கு மேல தோட்டத்துக்குப் போறவங்க கண்ணுல இது படவே படாது. அந்த வெள்ளை மாவு தான் நோயோட வித்து, நோய் பரவுறதே அதுல தான். ஒரு புள்ளியிலயே ஆயிரக்கணக்குல இருக்கும். காலையில ஈரம் குறைஞ்சு காத்து லேசா காயறப்போ அது காம்புல இருந்து பிச்சுக்கிட்டு காத்துல ஏறிடும். நல்ல வெயில் அடிச்சா ஒரு மணி நேரத்துல பெரும்பாலும் செத்துப்போயிடும், ஆனா மேகம் மூடியிருந்தா மணிக்கணக்கா உசுரோட இருக்கும், அப்படியே ஒரு பள்ளத்தாக்கைத் தாண்டி அடுத்த பள்ளத்தாக்குக்குப் போயிடும், கிலோமீட்டர் கணக்குல. நம்ம ஊர்ல ஜூன், ஜூலையில எத்தனை நாள் வெயில் பாக்குறோம் சொல்லுங்க.

சரி, உங்க இலை மேல வந்து உக்காந்துருச்சு. இலை காஞ்சிருந்தா ஒண்ணும் நடக்காது. ஈரமா இருந்தா தான் ஆட்டம். குளிரு 10லிருந்து 15 டிகிரிக்குள்ள இருந்துச்சுன்னா அந்த ஒரு வித்து வெடிச்சு அதுக்குள்ள இருந்து ஏழெட்டு குட்டி வெளிய வரும், ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு வால், இலை மேல இருக்குற தண்ணிப் படலத்துல நீந்தும். நம்பமாட்டீங்க, நிஜமாவே நீந்தும், மைக்ராஸ்கோப்புல முதல் தடவை பாத்தப்போ நான் பக்கத்துல இருந்தவர கூப்புட்டுக் காட்டுனேன். கொஞ்ச நேரம் நீந்திட்டு ஒரு இடத்துல ஒட்டி, முளை விட்டு, இலைக்குள்ள துளைச்சுக்கிட்டுப் போயிடும். இதுக்கெல்லாம் ஒரு ராத்திரி ஈரம் தாராளம். வெக்கை கொஞ்சம் கூட இருந்தா, 20 டிகிரிக்கு மேலன்னா, குட்டி விடாம வித்தே நேரா முளைக்கும், அது கொஞ்சம் மெதுவு, எண்ணிக்கையும் கம்மி. அதனால தான் ராத்திரி குளிரும் பகல்ல இதமும் இருக்குற நம்ம மலை அதுக்கு மாமியார் வீடு மாதிரி. ராத்திரி 10, 11 டிகிரியில குட்டி விடும், பகல்ல 17, 18ல இலைக்குள்ள நல்லா வளரும்.

உள்ள போன அஞ்சாறு நாள்ல அதுவே புதுசா வெள்ளை மாவு போட ஆரம்பிச்சுடும். கணக்குப் போட்டுப் பாருங்க, ஒரு புள்ளியில இருந்து பறந்ததுல வெறும் பத்து தான் பொழைச்சுதுன்னு வச்சுக்கங்க. ஒண்ணு பத்தாகும், பத்து நூறாகும், நூறு ஆயிரம், ஆயிரம் பத்தாயிரம். நாலே சுத்து, இருபது இருபத்தஞ்சு நாள். ஆயிரம் இருந்தப்போ ஒன்றரை ஏக்கர்ல உங்க கண்ணுக்குப் பட்டிருக்காது, பத்தாயிரம் ஆனப்போ பட்டுச்சு. திங்கக்கிழமைக்கும் சனிக்கிழமைக்கும் நடுவுல நடந்தது அந்தக் கடைசி சுத்து மட்டும் தான்.

பக்கத்துத் தோட்டக்காரரைப் பத்தி ஒண்ணு. அவரு மருந்து அடிக்காதது தப்பு தான், ஆனா அவருக்கும் எங்கயோ இருந்து தானே வந்திருக்கும். பெரும்பாலும் ஆரம்பம் மூணு இடத்துல இருக்கும்: நோய் பட்ட விதைக்கிழங்கு, போன போகத்துல தோண்டாம விட்டு தானா முளைச்ச செடி, அப்புறம் தோட்டத்து மூலையில கழிச்சுக் கொட்டுன கிழங்குக் குவியல். அந்தக் குவியல் தான் என் கணக்குல பெரிய வில்லன். அழுகுன கிழங்கைக் கொட்டி வச்சிருப்பாங்க, மழையில அதுல நாலு முளைச்சு பச்சைப்பசேல்னு நிக்கும், யாரும் திரும்பிக்கூட பாக்கமாட்டாங்க, அதுல மருந்தும் படாது. ஒரு ஊருக்கே அங்க இருந்து பறக்கும். அடுத்த தடவை சண்டை போடப் போறதுக்கு முன்னாடி உங்க மூலையையும் அவர் மூலையையும் சேர்ந்து ஒரு தடவை பாத்துட்டு வந்துடுங்க.

மண்ணுல வருதான்னு கேட்டீங்க. செத்த இலையில, வெறும் மண்ணுல அது ரொம்ப நாள் தங்காது, உசுருள்ள செடியோ கிழங்கோ வேணும் அதுக்கு. ஆனா ஆண் பெண் மாதிரி ஏ1, ஏ2ன்னு ரெண்டு வகை இருக்கு, அது ரெண்டும் ஒரே இடத்துல சந்திச்சா கெட்டியான ஓடு போட்ட வேற மாதிரி வித்து உண்டாகும், அது மண்ணுல வருஷக்கணக்குல கிடக்கும். ரொம்ப காலம் மெக்சிகோவ விட்டு ஏ2 வெளிய வரல, 1980கள்ல தான் ஐரோப்பாவுல பாத்தாங்க, இப்போ நம்ம நாட்டுலயும் இருக்கு.

பூம்பாறை வாசகர் ஒருத்தர்: பனி விழுந்து செடி கருகிடுச்சுன்னு அப்பா சொல்றாரு. கடைக்காரர் கருகல் நோய்னு சொல்லி மருந்து குடுத்தாரு. யாரு சொல்றது சரி?

தமிழ்ல இதுக்கு ஒரு வார்த்தைய வச்சுக்கிட்டு நாம படுற பாடு. இலை மேல துளித்துளியா நிக்கிறதும் பனி, மலைய மூடுறதும் பனி, டிசம்பர் ஜனவரியில புல்லு மேல வெள்ளையா உறையறதும் பனி தான். இந்த நோய்க்கு முதல் ரெண்டும் புடிக்கும், மூணாவது ஆகாது.

உறைபனியில கருகுனா ஒரே ராத்திரியில மேல் இலை பூரா ஒண்ணா கருகும், அதுவும் பள்ளமான இடத்துல தான் கூட இருக்கும், மேட்டுல இருக்குற செடி தப்பிச்சிடும். நோய்னா புள்ளி புள்ளியா, இலை நுனியில ஓரத்துல தண்ணி ஊறுன மாதிரி ஆரம்பிச்சு கருப்பாகும், தண்டுலயும் கருப்புப் பட்டை இருக்கும், நிறைய இருந்தா தோட்டத்துல நுழையும்போதே ஒரு அழுகுன வாடை வரும். சந்தேகம்னா காசில்லாத டெஸ்ட் ஒண்ணு இருக்கு. சந்தேகப்படுற இலைய நாலஞ்சு பறிச்சு, ஈரத்துணியோட ஒரு பிளாஸ்டிக் கவர்ல போட்டு வாயக் கட்டி ராத்திரி பூரா வீட்டுக்குள்ள வைங்க. காலையில புள்ளி ஓரத்துல வெள்ளையா பூத்திருந்தா கடைக்காரர் சொன்னது சரி. பூக்கலன்னா அப்பாவுக்கு ஒரு டீ வாங்கிக் குடுங்க.

இன்னொண்ணும் இருக்கு, முன் இலைக்கருகல். அதுல பழுப்புப் புள்ளிக்குள்ள வட்டம் வட்டமா வளையம் தெரியும், மரத்தை அறுத்தா தெரியுமே அது மாதிரி, கீழ் இலையில காஞ்ச மாதிரி ஆரம்பிக்கும், வேகமும் கம்மி. நம்ம பேசிக்கிட்டு இருக்குறது பின் இலைக்கருகல், கடையில பிளைட்னு சொல்றது. பேரைப் பாத்து முன் வந்தது பின் வந்ததுன்னு நம்பாதீங்க, பின்கருகல் பூக்கிறதுக்கு முன்னாடியும் வரும்.

ஊட்டியிலிருந்து, பேர் போட வேண்டாம்னு சொன்ன ஒருத்தர்: மூணு தடவை மருந்து அடிச்சாச்சு, ஒவ்வொரு தடவையும் வேற வேற கம்பெனி, 9000 ரூபா போச்சு. கேக்கவே மாட்டேங்குது. டூப்ளிகேட் மருந்தா?

டூப்ளிகேட்டா இருக்கலாம், ஆனா அதுக்கு முன்னாடி காலி பாக்கெட்ட எடுத்து திருப்பிப் பாருங்க. எனக்கே இது நடந்திருக்கு. எங்க தோட்டத்துல ஒரு தடவை முதல் மருந்து கேக்கலன்னு போய் "வேற குடுங்க"ன்னு கேட்டேன், குடுத்தாரு, வேற கலர் பாக்கெட், வேற பேரு, விலையும் கூட. ரெண்டும் அடிச்சு முடிச்சு, செடியெல்லாம் போனதுக்கப்புறம் திண்ணையில உக்காந்து பொடி எழுத்தைப் படிச்சா ரெண்டுலயும் உள்ள இருக்குற மருந்து ஒண்ணே தான், மெட்டலாக்ஸில். இதைச் சொல்லிக் குடுக்குற வேலையில இருந்த ஆளு நான். கடைக்காரரை எங்க போய்த் திட்டுறது.

மெட்டலாக்ஸில் ஒரு காலத்துல அற்புதமான மருந்து. 1970கள் கடைசியில வந்துச்சு, செடிக்குள்ள ஏறி வேலை செய்யும். 1980லயே அயர்லாந்துல அது கேக்காம போன நோய் வந்துடுச்சு. நம்ம பக்கம் 2009, 2010 வாக்குல கர்நாடகாவுல தக்காளிய பெருசா அழிச்சுட்டுப் போனது 13_ஏ2ன்னு நம்பர் போட்ட ஒரு வகை, ஐரோப்பாவுல இருந்த அதே வகை, அதுக்கு மெட்டலாக்ஸில் சுத்தமா கேக்காது. தென்னிந்தியாவுல உருளையிலயும் அது பரவிடுச்சு. அதனால பேரை மாத்தாதீங்க, உள்ள இருக்குற மருந்தை மாத்துங்க. அதுவும் புள்ளி பாத்ததுக்கப்புறம் இல்ல.

மேங்கோசெப் மாதிரி இலை மேல படலமா நிக்கிற மருந்து வித்து வர்றதுக்கு முன்னாடி அங்க இருந்தா தான் பிரயோஜனம். உள்ள போனதை அது ஒண்ணும் பண்ணாது. நம்ம வேளாண் பல்கலைக்கழகம் சொல்றது லிட்டருக்கு 2 கிராம், நட்டு 45, 60, 75ஆம் நாள். ஆனா விடாத மழை, மூடுபனின்னா அந்தத் தேதிக்குக் காத்திருக்காதீங்க, இடைவெளியக் குறைங்க. நோய் தலைகாட்டிட்டா சைமாக்சனிலும் மேங்கோசெப்பும் கலந்தது, இல்ல டைமெத்தோமார்ப், லேபிள்ல போட்ட அளவுக்கு, ஒரு தடவை அடிச்சதையே அடுத்த தடவை அடிக்காம மாத்தி மாத்தி. முக்கியமா இலைக்கு அடியில படணும். மேல நனைஞ்சு சொட்டுது, அடியில திருப்பிப் பாத்தா காஞ்சு கிடக்கும், வித்து போடுறது அடியில தானே.

எப்போ அடிக்கிறதுன்னு இங்கிலாந்துக்காரங்க ஒரு கணக்கு வச்சிருக்காங்க: தொடர்ந்து ரெண்டு நாள், ராத்திரி குளிர் 10 டிகிரிக்குக் கீழ போகாம, ரெண்டு நாளும் குறைஞ்சது 6 மணி நேரம் காத்துல ஈரப்பதம் 90 சதவீதத்துக்கு மேல இருந்தா உஷாராயிடணும். முன்னாடி 11 மணி நேரம்னு வச்சிருந்தாங்க, அது லேட்டாகுதுன்னு குறைச்சுட்டாங்க. சிம்லாவுல இருக்குற மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனமும் இண்டோ-பிளைட்காஸ்ட்னு இதே மாதிரி ஒண்ணு வச்சிருக்கு. மீட்டர் இல்லாதவங்க சாயங்காலம் நனைஞ்ச இலை மறுநாள் ஒன்பது மணிக்கும் காயலையான்னு பாருங்க, ரெண்டு நாள் அப்படி இருந்தா டேங்க்கை எடுங்க. செடியில புள்ளிய தேடிக்கிட்டு இருக்காதீங்க.

கோத்தகிரி வாசகி: நாங்க இயற்கை முறையில பண்றோம் அண்ணா. பஞ்சகவ்யா அடிச்சா இந்த நோய் நிக்குமா?

செடி செழிப்பா இருக்கும்மா. இந்த நோய் நின்னு நான் பாத்ததில்ல, பொய் சொல்லி உங்க ஒரு போகத்தை அழிக்க எனக்கு மனசு வரல. செழிப்பான செடி இதுக்கு இன்னும் ருசி, அடர்த்தியா வளர்ந்தா உள்ள காத்து போகாது, ஈரம் காயாது. நெருக்கி நடாதீங்க. தழைச்சத்தை ரொம்ப ஏத்தாதீங்க.

போர்டோ கலவைக்கு, இயற்கை விவசாயச் சான்று வாங்குனவங்களுக்கும் அளவோட அனுமதி உண்டு, உங்க சான்று ஆளுங்கள ஒரு வார்த்தை கேட்டுக்கங்க. ஒரு கிலோ மயில்துத்தம் 50 லிட்டர் தண்ணியில, ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பு வேற 50 லிட்டர்ல, ரெண்டும் பிளாஸ்டிக் டிரம்லயே, இரும்பு பாத்திரம் ஆகாது. துத்தத் தண்ணிய சுண்ணாம்புத் தண்ணியில மெதுவா ஊத்தி கலக்கிக்கிட்டே இருக்கணும், வானத்து நீலம் வரும். அப்புறம் ஒரு இரும்புக் கத்திய தேச்சுட்டு அதுல கொஞ்ச நேரம் முக்கி எடுங்க. கத்தியில செம்பு நிறம் ஏறுச்சுன்னா சுண்ணாம்பு பத்தல, இன்னும் போடணும், அப்படியே அடிச்சா உங்க செடி தான் கருகும். கலக்குன அன்னிக்கே அடிச்சு முடிங்க.

ரகத்தை மாத்துறது இதை விட நல்லது. குஃப்ரி ஜோதி 1968ல வந்தப்போ இந்த நோயைத் தாங்குச்சு, அதனால தான் மலை பூரா அதைப் போட்டோம், நோய் கத்துக்கிட்டு வந்துடுச்சு. குஃப்ரி கிர்தாரி, குஃப்ரி ஹிமாலினி இப்போ நல்லாத் தாங்குது. முத்தோரையில இருக்குற உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்துல விதை பத்தி விசாரிச்சுட்டு வாங்க.

ராயக்கோட்டை வாசகர்: நான் தக்காளிக்காரன், இது உருளைக்காரங்க பிரச்சனை தானே?

இல்லைங்க. ரெண்டுக்கும் ஒரே நோய், தக்காளியும் உருளையும் ஒரே குடும்பம். தண்டு கருத்து, காயில பழுப்பா எண்ணெய் தடவுன மாதிரி கெட்டியா ஒரு படை விழுந்தா அது தான். மழைக்காலத்துல குளிரும் சேர்ந்தா உங்க பக்கமும் வரும். சொட்டு நீர் போட்டவங்களுக்குக் கொஞ்சம் நிம்மதி, இலை நனையாது. மேல தெளிக்கிற மாதிரி தண்ணி விடுறவங்க சாயங்காலம் விடாதீங்க, காலையில விடுங்க, ராத்திரிக்குள்ள இலை காயட்டும்.

மதுரையிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: அயர்லாந்துல பஞ்சம் வந்ததுக்கு இந்த நோய் தான் காரணம்னு படிச்சேன். அங்க இருந்து தான் நீலகிரிக்கு வந்துச்சா?

நேரா அங்க இருந்துன்னு சொல்ல முடியாதும்மா. 1843ல அமெரிக்காவுல ஃபிலடெல்ஃபியா, நியூயார்க் பக்கம் பாத்தாங்க. 1845 கோடையில பெல்ஜியம், செப்டம்பருக்குள்ள டப்ளின். நான் மேல சொன்ன வேகம் தான், ஒரே சீசன்ல ஐரோப்பா பாதி. அயர்லாந்துல ஏழைங்க லம்பர்னு ஒரே ரகத்தை போட்டு அதையே மூணு வேளையும் தின்னுக்கிட்டு இருந்தாங்க, அது போனதும் எல்லாம் போச்சு. பத்து லட்சம் பேர் செத்தாங்க, அதுக்கு மேல கப்பலேறிப் போயிட்டாங்க. ஆனா நோய் மட்டும் காரணம்னு எழுதாதீங்க, அந்த வருஷங்கள்லயும் அங்க இருந்து தானியம் இங்கிலாந்துக்கு ஏத்துமதி ஆச்சு.

நீலகிரிக்கு உருளை, கோயம்புத்தூர் கலெக்டரா இருந்த சல்லிவன் துரை காலத்துல, 1820கள்ல வந்துச்சு. நோய் 1870க்கும் 1880க்கும் நடுவுல, இந்தியாவுலயே முதல்ல இங்க தான். ஐம்பது வருஷம் நம்ம மலையில இந்த நோய் இல்லாம உருளை விளைஞ்சிருக்கு, நினைச்சா பொறாமையா இருக்கு. விதைக்கிழங்கோட கப்பல்ல வந்திருக்கணும், ஏன்னா கடல் தாண்ட அதுக்கு வேற வண்டி கிடையாது. 1883 வாக்குல டார்ஜிலிங்.

குந்தா வாசகர்: செடி பூரா போச்சு, கிழங்கு நல்லா இருக்குற மாதிரி தெரியுது. உடனே தோண்டி மேட்டுப்பாளையம் மண்டிக்கு அனுப்பிடலாமா?

அவசரப்படாதீங்க. இலையில இருக்குற வித்து மழையோட மண்ணுக்குள்ள இறங்கி கிழங்கைத் தொடும், மண்ணு சரியா அணைக்காத இடத்துல தொட்டே இருக்கும். இப்பவே தோண்டுனா கருகுன செடி மேல கிழங்கைப் புரட்டி, காயம் பட்ட தோல்ல நீங்களே நோயைத் தடவி விடுறீங்க. முதல்ல செடிய தரையோட வெட்டி, தோட்டத்துக்கு வெளிய கொண்டுபோய் குழியில போட்டு மூடுங்க. ரெண்டு வாரம் விடுங்க. தோல் முத்தும், மேல இருக்குற வித்தும் சாகும், நோய் பட்ட கிழங்கும் தானா காட்டிக்கொடுத்துடும். அப்புறம் மழை இல்லாத நாளாப் பாத்து தோண்டி, தோல் அமுங்கி செங்கல் நிறமா இருக்குறதைக் கழிச்சுட்டு மூட்டை கட்டுங்க. கெட்டது ஒண்ணு உள்ள போனா மூட்டைக்குள்ள அழுகல் பாக்டீரியா ஏறி, மண்டியில பிரிக்கிறப்போ சாக்கு நனைஞ்சு நாறும், அப்புறம் அவங்க சொல்றது தான் விலை. அதுல இருந்து விதைக்குன்னு எடுத்து வைக்கவே வைக்காதீங்க, எவ்வளவு அழகா இருந்தாலும் சரி.

சென்னை, மாம்பலத்திலிருந்து ஒரு இல்லத்தரசி: கடையில வாங்குன கிழங்கை வெட்டுனா உள்ள தோலுக்கு அடியில பழுப்பா திட்டு இருக்கு. இது அந்த நோயா, சமைக்கலாமா?

இருக்கலாம்மா, பழுப்பு கொஞ்சம் சிவப்பு கலந்து, மணல் மணலா இருந்தா இது தான். மனுஷனுக்கு இந்த நோய் தொத்தாது. திட்டை ஆழமா சீவி எறிஞ்சுட்டு மீதியைப் பொரியல் பண்ணுங்க, கொழகொழன்னு நாறுனா முழுசா எறிங்க. பச்சையா இருக்குற கிழங்கு வேற சமாச்சாரம், அதை சாப்பிடாதீங்க. அப்புறம் ஒரு உதவி, சீவுனதை மாடித் தோட்டத்துத் தொட்டியில உரமா புதைக்காதீங்க, அது முளைச்சா பக்கத்துத் தொட்டியில இருக்குற தக்காளி ராயக்கோட்டைக்காரர் மாதிரி எனக்குக் கடுதாசி எழுதும்.